விலையும் நியாயமும்

கொள்ளை என்னும் சொல்லை நம்மவர் மிக எளிதாக வழங்குகின்றனர். மீன் விலை ஏறினால் கொள்ளை. பள்ளிச் சீருடை விலை ஏறினால் கொள்ளை. மோட்டார் வண்டியின் உதிரிப் பாகம் வாங்கச் சென்று திரும்பியவர் வாயிலோ அச்சொல்லைத் தவிர வேறு சொல் வருவதே இல்லை. கொள்ளை என்பது ஒரு குற்றத்தின் பெயர். ஒருவன் மீது குற்றம் சாட்டுமுன் அக்குற்றம் இன்னதென்று ஆராய்தலன்றோ அறிவுடையோர் செயல்? இங்கே 600 வெள்ளிக்கு விற்கும் பொருள் கடலுக்கு அப்பால் 200 வெள்ளிக்குக் கிடைக்குமாயின், இங்கு விற்பவன் நமக்கு அநீதி இழைத்தவனாவானா? அவனை விடுத்து அயல்நாட்டில் வாங்கும் நாம் யாருக்கேனும் அநீதி இழைத்தவராவோமா? முதல் வினாவை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆயினும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நான் கணக்கெழுதும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் பெரியவர் ஒருவர் பழைய ஐரோப்பியக் கார் ஒன்று வைத்திருக்கிறார். மகன் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தது. பெரியவரின் மனைவியாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மூன்று முறை பட்டணம் சென்று இரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் பஸ் வருவதில்லை. ஆகவே அக்கார் அவருக்கு ஆடம்பரமன்று. சென்ற ஆண்டு ஒருநாள் அது நடுவழியில் ஆவி கக்கி நின்றுவிட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்குச் சூடறிந்து வழிவிடும் தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூடு வெடித்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பொருள்.

பட்டணத்துப் பட்டறையில் வயோதிகரான சீனத் தவுக்கே ஒரு மணி நேரம் குனிந்து பார்த்துப் பழுதைக் கண்டார், பாகத்தின் எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. அக்காரை விற்கும் ஏஜெண்டிடம் விசாரித்ததில் விலை 640 வெள்ளி. கையிருப்பு இல்லை. முழுப் பணத்தையும் கட்டிவிட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமாம். "கிராணி ஐயா, நீங்கள் இங்கிலீஷ் படித்தவர், வேறு வழி உண்டா பாருங்கள்" என்று பெரியவர் தாளை என்னிடம் நீட்டினார். கைத்தொலைபேசியில் அந்த எண்ணைத் தேடினேன். அயல்நாட்டுக் கடையொன்றில் 185 வெள்ளி. அனுப்பும் செலவு 45 வெள்ளி. 500 வெள்ளிக்கு மேற்படாத அயல்நாட்டுச் சரக்குக்கு 2024 ஜனவரி முதல் நம் அரசாங்கம் வாங்கும் 10 விழுக்காட்டு விற்பனை வரி 18 வெள்ளி 50 காசு. ஆக 248 வெள்ளி 50 காசு. வித்தியாசம் 391 வெள்ளி 50 காசு.

போலிச் சரக்கோ என்று ஐயுற்றேன். கார் நிறுவனங்கள் தம் வண்டியின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. போஷ், டென்சோ, வேலியோ போன்ற தொழிற்சாலைகள் செய்து கொடுப்பவை பல. ஒரே ஆலையில் பிறந்த பாகம் கார் நிறுவனத்தின் முத்திரை இட்ட பெட்டியில் ஒரு விலைக்கும், செய்தவன் பெயரே இட்ட பெட்டியில் வேறு விலைக்கும் விற்பது இத்தொழிலில் வழக்கம். நான் கண்டது இரண்டாவது வகை.

செய்தி கேட்ட லயத்து மூதாட்டி ஒருவர், "எல்லாம் தலையெழுத்து" என்றார். நம்மிடையே விலையும் மழையைப் போல் மேலிருந்து பெய்வதாகவே எண்ணம். புதுக் கார் வாங்கினால் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கத் தவறமாட்டோம். இவ்வண்டியின் பாகம் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. விலை மனிதன் வைத்தது. மனிதன் வைத்தது எதுவாயினும் அதற்குக் காரணம் கேட்கலாம்.

விற்பவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் வகைப் பாகங்களை வாங்கி அடுக்கி வைத்து, அவற்றுள் பல ஆண்டுக்கணக்கில் விலை போகாமல் தூசி படிய, கடை வாடகையும் ஆள் கூலியும் கொடுத்துக் காத்திருப்பவன், விற்ற பாகத்தின் மீது விற்காத பாகத்தின் நட்டத்தையும் ஏற்றத்தான் செய்வான். நள்ளிரவில் மருந்துக் கடையைத் திறந்து வைத்திருப்பவனுக்குக் கூடுதலாகக் கொடுக்க நாம் தயங்குவதில்லையே. இந்நாட்டில் 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவுக்கும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கும் சிற்றூர்க் கடையிலும் பாகம் கிடைக்கக் காரணம், அவை எங்கும் ஓடுகின்றன, வாங்குவோர் பலர். அரிய வண்டிக்கு அரிய பாகம். பெரியவரின் மகன் அந்த ஐரோப்பியக் காரை அவ்வளவு மலிவாக வாங்க முடிந்ததே அதனாலன்றோ? அன்று மகன் மிச்சம் பிடித்ததைத் தந்தை இன்று தவணை முறையில் கட்டுகிறார். அதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. ஏஜெண்டிடம் அப்பாகம் அலமாரியில் இல்லை. அலமாரிக்காக விலை ஏற்றியவன் அலமாரியில் ஒன்றும் வைக்கவில்லை! நானே நேரில் சென்று, விலைக்குக் காரணம் என்னவென்று வினவினேன். மேசையில் இருந்த இளைஞன் மரியாதையாகக் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். விலை இருந்தது. காரணம் அவனுக்கும் தெரியவில்லை.

நம் பாட்டனார் காலத்துத் தோட்டக் கடை எனக்கு நினைவுக்கு வருகிறது. அருகில் வேறு கடை இல்லை. கையில் ரொக்கம் இல்லை. பற்று எழுதிச் சம்பள நாளில் கழித்துக்கொள்வர். கடனுக்கு விலை கூடுவது நியாயமே. ஆனால் எவ்வளவு கூடியது என்பது எழுதியவனுக்கு மட்டும் தெரிந்தது. வாங்கியவனுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே தவறு விலையின் உயரத்தில் மட்டும் இருக்கவில்லை. வாங்குபவன் வேறெங்கும் போக முடியாதவன் என்பதும், கேட்டறியாதவன் என்பதும் இலாபமாக மாற்றப்பட்டதில் இருந்தது. குறளில் வாணிகரைப் பற்றிய குறள் பொருட்பாலில் அன்று, அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் முடிவில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தல் வேண்டும். நீதிபதிக்கு வேண்டிய குணத்தை அங்கே வணிகனிடமும் எதிர்பார்க்கிறார்கள்.

உள்நாட்டில் வாங்குவதே தேசப் பற்று, விலை கூடினும் பணம் நம் நாட்டிலேயே தங்கும் என்பர் சிலர். அவ்வாதத்தை நம் தோட்டங்களின் சரித்திரத்திலேயே உரசிப் பார்க்கலாம். 1922இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டம் என்பதைக் கொண்டுவந்து, மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் ரப்பரைக் கட்டுப்படுத்தியது. 1925இல் விலை வானளாவ உயர்ந்தது. அமெரிக்காவில் கார் வைத்திருந்தோர் டயர் விலையைக் கண்டு, இன்று நாம் கூவுவது போலவே கொள்ளை என்று கூவினர். பின்னாளில் ஜனாதிபதியான ஹூவர் அப்போது வர்த்தக மந்திரியாயிருந்து அக்கூக்குரலுக்குத் தலைமை தாங்கினார். திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் பயிரைப் பெருக்கின. 1928இல் திட்டமே கைவிடப்பட்டது. விலை ஏறிய அந்நாட்களில் பால்மரம் வெட்டியவன் கூலி அந்த விகிதத்தில் ஏறியதா? இல்லை. விலை உயர்வு யாரைச் சென்றடைகிறது என்று கேளாமல் அதைத் தேசத்தின் நன்மை என்று சொல்லிவிட முடியாது. 640 வெள்ளியில் மேசையிலிருந்த அந்த இளைஞனுக்குக் கிடைப்பதென்ன?

மலிவையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். சிங்கப்பூர் அன்பர்கள் வண்டியைப் பழுது பார்க்க 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து ஜொகூர் பாரு வருகிறார்கள். அவர்களுக்கு நாமே மலிவான அயல்நாடு. அம்மலிவில் நம் பட்டறைத் தொழிலாளியின் குறைந்த கூலியும் ஒரு பங்கு. நான் வாங்கிய பாகத்தின் மலிவிலும் முகமறியாத ஒருவன் கூலி அடங்கியிருக்கலாம்.

ஆயினும் என்னை உறுத்தியது அதைவிட அருகில் இருந்தது. பழுதைக் கண்டறிந்தவர் தவுக்கே. எண்ணை எழுதித் தந்தவர் அவர். பாகம் அவர் மூலம் வாங்கப்படும், அதில் தமக்குச் சிறிது கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் ஒரு மணி நேரத்தை இனாமாகக் கொடுத்தார். அவர் அறிவை எடுத்துக்கொண்டு, பணத்தை அயல்நாட்டுக்கு அனுப்பினேன். ஏஜெண்டு எங்களிடம் காரணமின்றிக் கேட்டான். நாங்கள் தவுக்கேயிடம் கேளாமலே எடுத்துக்கொண்டோம். முன்னதைக் கொள்ளை என்றால் பின்னதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பாகம் 19 நாளில் வந்தது. அதுவரை வாடகைக் கார். பெரியவருடன் நானும் பட்டறைக்குச் சென்றேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்த தவுக்கே, தாம் வாங்காத சாமானுக்குத் தாம் பொறுப்பில்லை என்று மட்டும் சொல்லி, பொருத்தியதற்கு 50 வெள்ளி கேட்டார். முதல் நாள் பார்த்த நேரத்துக்கும் சேர்த்து 100 வெள்ளியாகக் கொடுத்தோம். அவர் இருவரையும் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரசீதில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுத்தார்.