மன்னிக்கும் உரிமை யாருக்கு?

மும்பை மாதுங்காவில் சனிக்கிழமைதோறும் மாலையில் நடைபெறும் மகாபாரத வகுப்பு அன்று சாந்தி பருவத்தின் தொடக்கப் பகுதியில் இருந்தது. போர் முடிந்துவிட்டது. வென்ற தருமபுத்திரர் அரியணையில் அமர மனமின்றிக் காடேகத் துடிக்கிறார். உற்றாரையெல்லாம் இழந்து பெற்ற நாட்டைக் கோலோச்சி ஆளும் துணிவு அவருக்கு இல்லை. தம்பியரும் திரௌபதியும் வியாச பகவானும் மாறி மாறி அவருக்கு எடுத்துரைக்கின்றனர். அரசன் தண்ட நீதியைத் தாங்குவதும் ஒரு தவமே என்று விளக்கும் இடத்தில் சுவாமிகள் பாடத்தை நிறுத்தினார்.

செம்பூரிலிருந்து தவறாது வகுப்புக்கு வரும் அன்பர் ஒருவர் எழுந்தார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

"சுவாமிஜி, வன பருவம் படித்தபோது பொறுமையின் பெருமையைக் கேட்டோம். இன்று தண்டத்தின் பெருமையைக் கேட்கிறோம். ஊழல் வழக்கில் ஓர் அரசியல் தலைவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. பதவி போகிறது. சொத்து பறிமுதலாகிறது. ஊரறிய மானமும் போகிறது. அதற்குப் பிறகும் அறுபது, எழுபது வயதில் அவரைச் சிறைக்கு அனுப்பத்தான் வேண்டுமா? மிச்சத்தைக் கர்மா பார்த்துக்கொள்ளாதா?"

அவர் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. எனினும் யாரை நினைத்துக் கேட்டார் என்பது கூடத்திலிருந்த தமிழர் அனைவருக்கும் விளங்கியது. 2014 செப்டம்பர் 27 அன்று, தமிழக முதல்வராக இருந்தபோதே, ஜெயலலிதா பெங்களூர் சிறப்பு நீதிமன்றத்தில் நான்காண்டுச் சிறைத் தண்டனையும் 100 கோடி ரூபாய் அபராதமும் பெற்றார். அன்று மும்பைத் தமிழர் இல்லங்களிலும் பலர் கண்ணீர் விட்டனர். பலர் மகிழவும் செய்தனர்.

சுவாமிகள் பதில் கூறுமுன் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் இரண்டு தலைமுறையாக வாழும் குடும்பத்தைச் சேர்ந்த தாய் அவர்.

"சாமி, என் மகன் பத்தொன்பது வயசில் ஒரு செல்போனைத் திருடினான். திருடியது உண்மைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே பதினான்கு மாதம் உள்ளே கிடந்தான். அவன் கர்மாவே அவனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே!"

கூடம் மௌனமாயிற்று. செம்பூர் அன்பர் தலை குனிந்தார். அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. நல்ல மனத்திலிருந்து வந்த கேள்விதான் அது. ஆனால் அந்தத் தாயின் சொல், கேள்வியின் மறுபுறத்தைக் காட்டிவிட்டது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர், குற்றம் நிரூபிக்கப்படாமலேயே உள்ளே இருந்தவர்கள். மும்பை ஆர்தர் ரோடு சிறை குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கென வரையறுக்கப்பட்டது. அங்கே அதைப்போல் பல மடங்கினரை அடைத்து வைப்பதே வழக்கமாகியிருக்கிறது. சிறை வேண்டுமா, வேண்டாமா என்று சான்றோர் விவாதிக்கும்போது நினைவுக்கு வருவது பெரும்பாலும் இவர்கள் அல்லர்.

சுவாமிகள் அன்றைய பாடத்துக்கு அடுத்ததாக வரவிருந்த கதையையே எடுத்துக்கொண்டார்.

பாகுதை என்னும் நதிக்கரையில் சங்கர், லிகிதர் என்ற இரு சகோதரர்கள் தனித்தனி ஆசிரமம் அமைத்துத் தவம் செய்து வந்தனர். ஒருநாள் லிகிதர் அண்ணனைக் காண வந்தார். அண்ணன் வெளியே சென்றிருந்தார். மரத்தில் பழங்கள் கனிந்து தொங்கின. லிகிதர் சிலவற்றைப் பறித்து உண்ணத் தொடங்கினார். திரும்பி வந்த சங்கர், "இவை எங்கே கிடைத்தன?" என்று கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே, "இங்கேதான்" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "கொடுக்காததை எடுத்தாய். இது களவு. அரசனிடம் போய்க் குற்றத்தைச் சொல்லிக் களவுக்குரிய தண்டனையைக் கேட்டுப் பெற்றுக்கொள்" என்றார்.

லிகிதர் மறுமொழி பேசாமல் சென்றார். சுத்யும்னன் என்னும் அரசன், முனிவர் வருகிறார் என்று கேட்டு அமைச்சரோடு கால்நடையாகவே எதிர்கொண்டு வந்தான். அவர் தண்டனை கேட்டதும் அரசன் திடுக்கிட்டான். "தண்டிக்கும் அதிகாரம் எனக்கு உண்டெனில் மன்னிக்கும் அதிகாரமும் உண்டு. தூய வாழ்வு வாழ்பவர் தாங்கள். மன்னித்தேன். வேறு ஏதேனும் கேளுங்கள்" என்றான். லிகிதர் வேறொன்றும் கேட்கவில்லை. முடிவில் அரசன் அக்கால வழக்கப்படி அவருடைய இரு கைகளையும் துணிக்கச் செய்தான்.

கையிழந்து திரும்பிய தம்பியிடம் சங்கர், "உன் மீது எனக்குக் கோபமே இல்லை. நீ தர்மத்தை மீறினாய். இப்போது அதற்குக் கழுவாய் தேடிவிட்டாய். நதியில் இறங்கி, தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் நீர்க்கடன் செய்" என்றார். லிகிதர் நதியில் இறங்கினார். நீரை அள்ள முயன்றபோது தாமரை போன்ற இரு கைகள் தோன்றின. வியப்புற்ற அவர் ஓடிவந்து, "இத்தகைய தவ வலிமை உள்ள தாங்கள் முதலிலேயே என்னைத் தூய்மைப்படுத்தியிருக்கலாமே" என்று கேட்டார். "உன்னைத் தண்டிக்கும் பொறுப்பு என்னுடையதன்று, அரசனுடையது. இப்போது நீயும் தூய்மையடைந்தாய், அவனும் தூய்மையடைந்தான்" என்றார் சங்கர்.

கை வெட்டும் தண்டனையை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கதையில் கருதத்தக்கது வேறொன்று. அரசன் அளிக்க முன்வந்த மன்னிப்பைச் சற்று உற்றுநோக்குங்கள் என்றார் சுவாமிகள். ஒரு சாதாரண வழிப்போக்கன் சந்தையில் பழம் திருடி அகப்பட்டு வந்திருந்தால் சுத்யும்னன் கால்நடையாக எதிர்கொண்டு சென்றிருப்பானா? 'மன்னித்தேன், வேறு கேள்' என்றிருப்பானா? அவன் காட்டியது கருணைபோலத் தோன்றினாலும் உண்மையில் அது மரியாதை. பெரியவர் என்பதற்காக நீட்டப்பட்ட சலுகை. லிகிதரின் பெருமை, அந்தச் சலுகையைத் தொட மறுத்ததில் இருக்கிறது. 'தலைவராயிற்றே, இவரையா சிறைக்கு அனுப்புவது?' என்று நம் உள்ளம் இளகும்போதும் இதையே சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த இளக்கம் தாராவிப் பிள்ளைக்கும் கிடைத்திருந்தால் அது கருணை. கிடைக்கவில்லையெனில் அதற்குப் பாரபட்சம் என்றே பெயர்.

இன்னொன்றும் உண்டு. பழத்துக்கு உரியவர் சங்கர். அவர் மனத்தில் கோபம் துளியும் இல்லை. அவர் மன்னித்துவிட்டார் என்றே கொள்ளலாம். அப்படியிருந்தும் தம்பியை அரசனிடம் அனுப்பினார். மன்னிப்பும் தண்டனையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது இதனால் விளங்கும். மன்னிப்பு இழந்தவனுடைய உள்ளத்தில் நிகழ்வது. தண்டம் நாட்டின் ஒழுங்கைக் காப்பது. விபூதி யோகத்தில் பகவான், அடக்கியாள்வோரிடம் உள்ள தண்டமும் தாமே என்கிறார். தம் விபூதியாகவே அவர் கூறியதை ஆள்பவன் தன் விருப்பப்படி வழங்கவோ மறுக்கவோ முடியாது.

ஊழலில் பழத்துக்கு உரியவர் யார்? இதே மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் நகராட்சி, 1990-களின் பிற்பகுதியில், குடிசைவாழ் மக்களுக்காகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டமிட்டது. கட்டி முடிந்தவை 1,500 அளவே. 2019 ஆகஸ்டில் தூலே சிறப்பு நீதிமன்றம் முன்னாள் அமைச்சர் சுரேஷ் ஜெயின் உட்பட 48 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, அவருக்கு ஏழாண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுக் காலத்தில் அவருக்குப் பிணை கிடைத்தது. அது சட்டம் தரும் உரிமை. ஆனால் கட்டப்படாத அந்த வீடுகளுக்காகக் காத்திருந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒழுகும் தகரக் கூரையின்கீழ் இருபது மழைக்காலங்கள் என்றால் என்ன என்பதைத் தாராவியில் வாழ்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. மன்னிக்கும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு உண்டு. மாதுங்காவில் மின்விசிறியின்கீழ் அமர்ந்து அவர்கள் சார்பில் மன்னிக்க நமக்கு ஏது உரிமை?

பதவியை இழப்பதே போதாதா என்று அன்பர் கேட்டார். 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெறும் மக்கள் பிரதிநிதி அப்போதே பதவி இழக்கிறார். அவ்வாண்டு அக்டோபரில், கால்நடைத் தீவன ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்ட லாலு பிரசாத் மக்களவை உறுப்பினர் பதவியை அப்படித்தான் இழந்தார். ஆனால் பதவியைப் பறிப்பது நாம் நம்மைக் காத்துக்கொள்வது. பணத்தை மீட்பது கொடுத்ததைத் திரும்ப வாங்குவது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், இனி அந்தக் கடைப்பக்கம் வரமாட்டான் என்று சொல்லி அந்தப் பிள்ளையை விட்டுவிட்டார்களா?

கர்மா பார்த்துக்கொள்ளும் என்பதும் நாவில் எளிதாக வருகிறது. கர்மா எங்கோ மேலே தனியாக இயங்கும் யந்திரமன்று. வினை, விதைத்தவன் கைவழியே மட்டுமல்லாமல் பிறர் கைவழியேயும் பயன் தருகிறது. சாட்சி உண்மை சொல்வதும் நீதிபதி அஞ்சாமல் தீர்ப்பெழுதுவதும் அவரவர் சுவதர்மம். அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டுக் கர்மாவைக் கைகாட்டினால், அந்தக் கைவிடலே புதிய வினையாகி அவர்களைச் சேரும். சங்கர் 'ஊழ்வினை உன்னைப் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லித் தியானத்தில் அமர்ந்துவிடவில்லையே!

ஆயினும் லிகிதர் தாமே நடந்து சென்று தண்டனையைக் கேட்டார். நம் காலத்தில் அவ்வாறு யாரும் செல்வதில்லை. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தைப் பற்றியது. முதல் தீர்ப்பு வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மற்ற மூவரின் தண்டனையை உறுதிப்படுத்தியபோது அவர் உயிருடன் இல்லை. அவர் மீதான வழக்கு அவரது மறைவோடு அற்றுப்போனது. இறந்தவருடைய கணக்கைப் பற்றி இங்குள்ள எவரும் பேசத் தகுதியுடையவர் அல்லர் என்று சுவாமிகள் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

விரும்பாமல் ஏற்கும் தண்டனை ஒருவரைத் தூய்மைப்படுத்துமா? பாதியே செய்யும் என்பது அவர் கருத்து. உடல் உள்ளே இருக்க, உள்ளம் வெளியே பழி தேடிக்கொண்டிருந்தால் கடன் முழுவதும் தீராது. எனினும் வாயில் திறந்திருக்கிறது. ஆசிரியர் நியமன ஊழலில் 2013-இல் பத்தாண்டுச் சிறை பெற்ற ஹரியானா முன்னாள் முதல்வர் ஓம் பிரகாஷ் சௌதாலா, திகார் சிறையில் இருந்தபோது பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தார். 2022-இல், 87-ஆம் வயதில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களைப் பெற்றார். ஆசிரியர் பணிகள் முறைகேடாக வழங்கப்பட்ட வழக்கில் உள்ளே சென்றவர் மாணவராய் அமர்ந்து தேர்வு எழுதினார். அவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்ததென்று யார் அறிவார்? முதியோருக்கு மருத்துவமும், நோயுற்றோருக்கு உரிய வசதியும், பரோலும் தாராளமாக அளிக்கலாம், எல்லாக் கைதிகளுக்கும் ஒரே அளவில். வயதைக் காட்டித் தண்டனையையே இல்லாமற் செய்வது வேறு.

தீர்ப்பு நாளில் இனிப்பு வழங்கி வெடி வெடிப்பவரைப் பற்றியும் சுவாமிகள் ஒரு வார்த்தை சொன்னார். சங்கர் தம்பியை அனுப்பிவிட்டு நதிக்கரையில் கூத்தாடவில்லை. நிரூபணமாகாத குற்றத்தைச் சுமத்துவதும் பாவமே. 1982 ஜனவரியில், சிமெண்ட் ஒதுக்கீட்டையும் நன்கொடையையும் தொடர்புபடுத்திப் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் முதல்வர் அந்துலே பதவி விலகினார். பின்னர் நெடுங்காலம் நடந்த குற்ற வழக்கில் அவர் தண்டிக்கப்படவில்லை. மூட்டை சிமெண்டுக்கு வரிசையில் நின்ற அக்காலத்து மும்பைவாசிகள் இன்றும் அவரைக் குற்றவாளி என்றே பேசுவதுண்டு. நீதிமன்றம் சொல்லாததை நாமும் சொல்லலாகாது. சொல்லிவிட்டால் அதை மழுப்பவும் கூடாது.

வகுப்பு முடியும் நேரமாயிற்று. பாய்களைச் சுருட்டத் தொடங்கினர். தாராவித் தாய் மட்டும் அமர்ந்தே இருந்தார்.

"சாமி, பெங்களூர்ச் சிறையில் நான்கு வருஷம் இருந்துவிட்டு அந்த அம்மா 2021-இல் சென்னைக்கு வந்தபோது வழி முழுக்க மாலையும் மேளமுமாக வரவேற்றார்கள். டிவியில் நானும் பார்த்தேன். என் மகன் வெளியே வந்து மூன்று வருஷம் ஆகிறது. பட்டறையில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். அவனும் தண்டனையை அனுபவித்துவிட்டான் அல்லவா? அவனுக்குக் கை முளைக்காதா?"

சுவாமிகள் உடனே விடை கூறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கதையில் தம்பி திரும்பி வந்தபோது அண்ணன் ஆசிரமத்தில் இருந்தார், அம்மா. கதவைச் சாத்தவில்லை. நதிக்குப் போ என்று வழி சொல்ல ஓர் ஆள் இருந்தது. அதை இன்று நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்."

பிறகு செம்பூர் அன்பர் பக்கம் திரும்பினார். அவர் பாயைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த சனிக்கிழமை பையனை அழைத்து வாருங்கள், அம்மா" என்றார் அந்த அன்பர். "மாலை ஆறு மணிக்கு முன்பே வரச் சொல்லுங்கள். நான் இங்கே இருப்பேன்."