தேய்மானம்

கனடாவில் ஸ்பார்வுட் என்கிற சுரங்க ஊர். அங்கே சாலையோரமாகப் பச்சை நிறத்தில் ஒரு ராட்சத லாரி நிற்கிறது. பெயர் டைட்டன். ரயிலுக்குப் போடுகிற 3,300 குதிரைத்திறன் டீசல் இன்ஜினோடு, சுமார் 320 டன் சுமந்த லாரி. 1974-ல் அறிமுகமானபோது உலகிலேயே பெரியது. ஆனால், செய்தது இந்த ஒன்றைத்தான். 1991-ல் ரிட்டயராகிவிட்டது.

காமர்ஸ் படித்த புத்தி உடனே தேய்மானக் கணக்குப் போடுகிறது. மிச்சம், பழைய இரும்பு விலை! ஊர்க்காரர்களோ எடைக்குப் போடாமல், பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டார்கள். உள்ளே இப்போது இன்ஜின்கூட இல்லை. ஓடிக்காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

ரிட்டயரான மனிதரிடம் மட்டும் நம் முதல் கேள்வி, ‘‘இப்ப என்ன பண்றீங்க?’’ சும்மா இருக்கேன் என்று சொல்ல அவர் கூசிப்போகிறார்.

நியாயமாகப் பார்த்தால், டைட்டனுக்குக் கிடைத்த மரியாதை உழைப்புக்கு அல்ல, உருவத்துக்கு. கூடவே ஓடித் தேய்ந்த சின்ன லாரிகளுக்கு யார் மேடை போட்டார்கள்?

நம்மில் பெரும்பாலோர் சின்ன லாரிகள்தான். சாதனை ஏதும் இல்லை. நாள் தவறாமல் சுமந்தோம், அவ்வளவுதான். அதற்கு மரியாதை கிடையாதா என்ன?

அடுத்தமுறை அவரைப் பார்த்தால், ‘‘சாப்பிட்டீங்களா சார்?’’ என்று கேளுங்கள். போதும்.