விதைக்காமல் முளைத்த துளசி

ஸ்ரீ:



ஆடிப் பட்டம் தேடி விதை என்பது உழவர் வாக்கு. அது வயலுக்குச் சொன்னது. வீட்டுக் கொல்லைக்கு அந்த உபதேசம் வேண்டுவதில்லை. இரண்டு தூறல் விழுந்து நாலு நாள் கழித்துக் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தால், நாம் விதைக்காதவை, நீர் வார்க்காதவை, பெயர்கூட அறியாதவை எல்லாம் தரை முழுதும் பச்சென்று நிற்கும். அவற்றின் நடுவே, கிணற்றடியிலோ துவைக்கிற கல்லின் ஓரத்திலோ, நாலைந்து துளசிக் கன்றுகளும் இருக்கும்.

இந்தத் துளசியைப் பற்றிச் சந்நிதியில் பலரும் கேட்பதுண்டு. "சுவாமி! நாங்கள் வைத்து வளர்த்ததன்று, தானாக முளைத்தது. இதைப் பெருமாளுக்குச் சமர்ப்பிக்கலாமா? நாங்கள் பட்ட சிரமம் இதில் ஒன்றுமில்லையே" என்பார்கள். சிலர் இன்னும் தயங்கி, "பாத்திரம் கழுவின நீர் ஓடுகிற இடத்தில் முளைத்திருக்கிறது" என்று தாழ்ந்த குரலில் சொல்லுவார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை எளிது, பின்னர் சொல்லுகிறேன். முதற்கேள்விதான் ஆழமானது.

இன்று நாம் கொண்டாடும் திருநக்ஷத்திரம் யாருடையது? ஸ்ரீவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார் வடபத்ரசாயிக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்துகொண்டு நந்தவனம் காத்துவந்தார். ஒரு நாள் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கையில் துளசிச் செடியின் அடியிலே ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது குருபரம்பரையில் ப்ரஸித்தம். அவர் பூவுக்காகப் பாத்தி கட்டினார். துளசிக்காக நீர் இறைத்தார். கோதையை அவர் விதைக்கவில்லை. மிதிலையிலும் அப்படியே. ஜனக மஹாராஜர் யாகபூமியை உழுதது யாகத்துக்காக. படைச்சாலிலே பிராட்டி கிடைத்தாள். ஸீதா என்ற சொல்லுக்கே படைச்சால் என்றுதானே பொருள்! இரண்டிடத்திலும் மண்ணைக் கிளறினது மனிதன் கை. வந்தது மனிதன் கேட்டது அன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியாழ்வார் கையில் இருந்தது கொத்துகிற கருவி. அதை ஓங்குமுன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. கொல்லையில் இறங்குகிற நமக்கும் அந்தக் கண் வேண்டும் என்பதே அடியேன் இம்மலரில் விண்ணப்பிக்க வந்தது. ஏனெனில் இப்போது திருவிழா வந்தாலும், கல்யாணம் வந்தாலும், ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலும், கொல்லையைச் "சுத்தம்" செய்கிறோம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் சீவித் தள்ளுகிறார்கள். சிலர் அந்தச் சிரமமும் வேண்டாம் என்று களைக்கொல்லி தெளித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் சிமெண்டே போட்டுவிடுகிறார்கள். பிறகு கோயில் வாசலில் காசு கொடுத்துத் துளசி மாலை வாங்குகிறார்கள்.

அங்கே என்ன இருந்தது என்று சிறிது பார்ப்போம்.

ஸம்ஸ்க்ருத பாடசாலையில் படித்தவர்கள் இளமையில் அமரகோசத்தை நெட்டுருப் பண்ணியிருப்பார்கள். அதன் இரண்டாம் காண்டத்தில் வனௌஷதி வர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு. மரம், செடி, கொடி, பூண்டு இவற்றின் பர்யாய நாமங்கள் அதில் சரஞ்சரமாக வரும். சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் எந்த நாமம் எந்தச் செடிக்கு என்று கேட்டால் மாணாக்கன் விழிப்பான். அதே சமயம் அக்ரஹாரத்துக் கொல்லையில் இருக்கும் வயதான பாட்டிக்கு நாமம் ஒன்றும் தெரியாது. செடி ஒவ்வொன்றும் தெரியும். நாமமும் நாமியும் சேர்ந்தால்தான் ஞானம் என்று வேதாந்தத்தில் படிப்பதைக் கொல்லையிலேயே படித்துக்கொள்ளலாம்.

மூக்கிரட்டை என்று ஒரு கொடி தரையோடு படரும். சிறிய ஊதாநிறப் பூ. கோடையில் தண்டெல்லாம் தீய்ந்து, செத்துப்போயிற்று என்று நினைப்போம். வேர் உள்ளே கிழங்குபோல் உயிரோடு இருக்கும். முதல் மழைக்கு மறுபடி துளிர்க்கும். வடமொழியில் இதற்குப் புனர்நவா என்று பெயர். மீண்டும் புதிதாவது என்று பொருள். பாட்டி இதைக் கீரையாக ஆய்ந்து துவட்டல் செய்துவிடுவாள். பெயரின் அழகு பண்டிதனுக்கு, ருசி பாட்டிக்கு.

நாயுருவி வேலியோரத்தில் நிற்கும். நீண்ட கதிர், அதிலுள்ள காய்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, கூரிய முனையோடு இருக்கும். அந்தப் பக்கம் போனவர் வேஷ்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவரைக்கும் போய்விடும். அபாமார்க்கம் என்பது இதுதான். நவக்கிரஹ ஹோமத்தில் புதனுக்குரிய ஸமித்து இது. கடையில் கட்டுக்கட்டாக விலைகொடுத்து வாங்குகிறோம். வேஷ்டியில் ஒட்டினதை முகம் சுளித்துப் பிய்த்து எறிகிறோம். பெரியவர் ஒருவரோடு ஒட்டிக்கொண்டால் காலில்லாத வித்தும் ஊர் கடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அடியேனுக்குக் கிட்டவில்லை.

கிணற்றடி ஈரத்தில் கரிசலாங்கண்ணி, வடமொழியில் ப்ருங்கராஜம். தலைக்குத் தடவும் தைலத்துக்கு உதவும். கீழாநெல்லி இலைக்காம்பின் கீழே வரிசையாகச் சின்னஞ்சிறு காய்களை ஒளித்து வைத்திருக்கும். இலையைத் திருப்பிப் பார்க்காதவனுக்கு அது காய்த்திருப்பதே தெரியாது. காமாலைக்கு நாட்டு வைத்தியர் கொடுப்பது. (வைத்தியர் கொடுக்கவேண்டும், நாமே பறித்துத் தின்பது கூடாது.) குப்பைமேனி, தும்பை, அறுகு இவற்றை எல்லாரும் அறிவர். எருக்கும் ஊமத்தையும் முளைத்திருந்தால் அவை நம்முடைய பெருமாள் ஸந்நிதிக்கு ஆகா, சிவாலயத்துக்கு உகந்தவை. அவற்றைக் கேட்டு வருகிறவர்களுக்கு மனமுவந்து கொடுக்கலாம்.

இனித் துளசி. துளசியின் ஒவ்வொரு பூவும் உதிர்ந்தபின் அதன் கிண்ணத்துக்குள் நான்கு விதை இருக்கும். ஒரு கதிரில் எத்தனை பூ, ஒரு செடியில் எத்தனை கதிர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு செடி எத்தனை ஸந்ததியை மண்ணில் விட்டுச்செல்கிறது என்பது விளங்கும். இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மாடத்துத் துளசி காய்ந்துவிட்டால், "குடும்பத்துக்கு ஏதோ வரப்போகிறது" என்று கண்ணீரோடு ஸந்நிதிக்கு வருகிறவர்கள் உண்டு. அஞ்சவேண்டியதில்லை. துளசி ஆலமரம் அன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு முற்றிக் கட்டையாகி, கதிர்விட்டு விதை உதிர்த்து, தன் காலத்தை முடித்துக்கொள்வது அதன் இயல்பு. மாடத்தைச் சுற்றித் தரையைப் பாருங்கள். அதன் பிள்ளைகள் நிற்கும். அவற்றில் ஒன்றை எடுத்து மாடத்தில் வையுங்கள். காய்ந்த தண்டை எறியாதீர்கள். அதைக் கடைந்துதான் துளசிமணி செய்வது. ஆசாரியன் திருநாட்டுக்கு எழுந்தருளினால் பீடம் வெறுமையாவதில்லை, சிஷ்யன் அமருகிறான். துளசி மாடமும் ஒரு குருபரம்பரையே.

நாம் சிரமப்படாமல் வந்த துளசியைச் சமர்ப்பிக்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். பிள்ளை லோகாசார்யர் அருளிய ஸ்ரீவசனபூஷணத்தில் அஜ்ஞாத ஸுக்ருதம் என்று ஒன்று பேசப்படுகிறது. செய்தவனே அறியாத நல்வினை என்று பொருள். ஒருவன் தன் பொழுதுபோக்குக்காகத் திண்ணை கட்டியிருப்பான். வழிநடந்த பாகவதர்கள் வெயிலுக்கு அதில் ஒதுங்கியிருப்பார்கள். ஒருவன் தன் பயிருக்கு நீர் இறைத்திருப்பான்; அந்நீரில் அவர்கள் தாகம் தீர்த்திருப்பார்கள். இவன் நினைத்தது வேறு. எம்பெருமானோ, இவனை ஏற்றுக்கொள்ள ஏதேனும் ஒரு சாக்குக் கிடைக்காதா என்று ஜன்மஜன்மமாகத் தேடிக்கொண்டிருப்பவனாதலால், அதையே இவன் கணக்கில் பற்று வைக்காமல் வரவு வைக்கிறான் என்று பூர்வர்கள் விளக்குவர். நீங்கள் மிளகாய்ச் செடிக்கு வார்த்த நீர் வழிந்தோடித் துளசியை வளர்த்திருக்கிறது. நீங்கள் அறியவில்லை, அவன் அறிவான். பின்னும் சொல்லுகிறேன்: வைத்து வளர்த்த துளசியிலே "நான் வளர்த்தேன்" என்ற எண்ணம் ஒரு நூலளவாவது ஒட்டிக்கொண்டிருக்கும். தானாக வந்ததில் அது கிடையாது. சமர்ப்பிக்க அதைக்காட்டிலும் லேசான பொருள் ஏது? கீதையின் ஒன்பதாம் அத்யாயத்தில் கண்ணன் இலை, பூ, பழம், நீர் என்று எளியவற்றையே கேட்டான். யார் விதைத்தது என்று கேட்கவில்லை.

இப்படிச் சொன்னதும், தானாக வந்ததெல்லாம் பகவத் பிரஸாதம், ஒன்றையும் தொடக்கூடாது என்று சிலர் கிளம்பிவிடக்கூடும். அது விவேகம் ஆகாது. மரங்களுக்குள் தான் அரசு என்று கீதையின் பத்தாம் அத்யாயத்தில் பகவானே சொல்லியிருக்கிறான். அந்த அரசு, காக்கை எச்சத்தின் வழியாக விமானத்தின் இடுக்கில் விழுந்து முளைத்தால் என்ன செய்வது? கன்றாக இருக்கும்போது இரண்டு விரலால் எடுத்துவிடலாம். "அரசைப் பிடுங்கினால் பாபம்" என்று அஞ்சி விட்டுவைத்தால் அதன் வேர் சுதையைப் பிளந்து, செங்கல்லைப் பிளந்து, கல்லையே நகர்த்திவிடும். பிறகு வெட்டினாலும் உள்ளே தங்கின வேர் மீண்டும் துளிர்க்கும். எத்தனையோ பழைய கோபுரங்கள் இப்படி விரிந்திருக்கின்றன. ஆதலால் மழை முடிந்ததும் விமானத்தைச் சுற்றிப் பார்த்து, ஈரம் இருக்கும்போதே வேரோடு எடுத்து, குளக்கரையில் ஊன்றிவிடுவது உத்தமம். மரத்தின் மேல் பகையில்லை. அது நிற்கவேண்டிய இடம் வேறு. வீட்டு மதிலிலும் மொட்டைமாடியிலும் முளைக்கும் அரசுக்கும் ஆலுக்கும் இதே நியாயம்.

பார்த்தீனியம் என்னும் செடியின் கதை வேறு. 1950களில் நம் தேசத்தில் தென்பட்டு, இன்று தெருவோரமெல்லாம் சிறு வெண்பூக்களோடு நிற்கிறது. தொட்டால் பலருக்குத் தோலில் அரிப்பு. அதன் மகரந்தத்தால் மூச்சிரைப்பு. பக்கத்தில் வேறொன்றை வளரவிடாது. அதைப் பூப்பதற்கு முன்பே, கையில் துணியோ உறையோ மாட்டிக்கொண்டு, வேரோடு எடுக்கத்தான் வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்ததனால் அன்று; பிறரை வாழவிடாமையால். அயல்நாட்டுச் செடியென்றால் மரவள்ளியும் கடல் கடந்து வந்ததே. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கையில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கும் கிளிக்கு மாதுளம்பூ மூக்கு. உடலோ மரவள்ளி இலை. எங்கிருந்து வந்தது என்று கோதை பார்க்கவில்லை.

இனி அனுஷ்டானத்துக்கு உரியவை. அசுத்த நீர் ஓடும் இடத்தில் துளசி முளைத்திருந்தால், நாலு முதல் ஆறு இலை விட்டதும், மாலை வேளையில் தாய்மண்ணோடு பெயர்த்து, சுத்தமான இடத்தில் நட்டு, சில நாள் வெயில் படாமல் காத்து, அங்கே புதிதாகத் தழைத்த இலையைச் சமர்ப்பிக்கலாம் என்பது அடியேனுடைய அபிப்ராயம். கன்றாக இருக்கையில் நாய்த்துளசியும் இதுபோலவே தோன்றும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனை சொல்லிவிடும். ஆகையால் களையெடுக்கக் கூலிக்கு ஆள் விடுமுன் வீட்டிலுள்ளவர் ஒருமுறை குனிந்து பார்த்து, வேண்டியவற்றுக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடவேண்டும்.

மருந்து தெளித்த கொல்லையிலிருந்து மட்டும் துளசி கொண்டுவரவேண்டாம். இதை அடியேன் சற்று அழுத்தியே சொல்லுகிறேன். நீங்கள் கொடுக்கும் துளசி திருவடியில் சாத்தப்படுவதோடு நிற்பதில்லை. தீர்த்த பாத்திரத்திலும் சேருகிறது. அந்தத் தீர்த்தத்தைக் கைக்குழந்தைக்கும் வாயில் விடுகிறோம். நோயாளியும் அதை நம்பி வாங்கிக்கொள்கிறார். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ பட்ட இலை, எவ்வளவு பசுமையாக இருந்தாலும், அந்தப் பாத்திரத்துக்கு ஆகாது. வாங்கின துளசி எங்கே விளைந்தது என்று நமக்குத் தெரியாது. கொல்லையில் தானாக வந்ததன் பிறப்பு வளர்ப்பு நமக்குத் தெரியும். ஆதலால் அடுத்த உற்சவத்துக்கு வரும்போது ஒரு கைப்பிடியானாலும் வீட்டுத் துளசி கொண்டுவாருங்கள். காலையில் ஸ்நானம் செய்து பறியுங்கள். அஸ்தமனத்துக்குப் பின் பறிக்கவேண்டாம், துவாதசியன்றும் வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை முதல் நாளே பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். மற்றப் பூக்களுக்குள்ள பழையது என்ற தோஷம் துளசிக்குக் கிடையாது.