தலைக்கு மேலே மின்சாரம், வீட்டுக்குள்ளே இருள்



வளர்ச்சி என்னும் சொல் இன்று எல்லார் வாயிலும் அடிபடுகின்றது. அணை கட்டினால் வளர்ச்சி. பாதை போட்டால் வளர்ச்சி. பிறநாட்டு முதலீடு வந்தால் வளர்ச்சி. ஆனால், யாருக்கு வளர்ச்சி என்ற கேள்வியை எப்போது கேட்பது? வேலை முடிந்த பின்பா, தொடங்கு முன்பா? இதற்கு விடை காண மத்திய ஆபிரிக்காவிலுள்ள கொங்கோ நாட்டைச் சற்று நோக்குவோம்.

கொங்கோ ஆறு கடலைச் சேருமுன் இங்கா என்னுமிடத்தில் பெருவேகத்துடன் கீழிறங்குகின்றது. அந்த வலுவை முழுவதும் பயன்படுத்தினால் ஏறத்தாழ 40,000 மெகாவாற்று மின்சாரம் பெறலாம் என்பது நிபுணர் கணிப்பு. அங்கே 1972இல் ஒரு மின்நிலையமும் 1982இல் மற்றொன்றும் இயங்கத் தொடங்கின. பிறநாட்டுக் கடனைக் கொண்டு, இங்காவிலிருந்து தென்கிழக்கே கட்டங்கா மாநிலத்துக் கொல்வேசி நகர்வரை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தூரம் மின்கம்பி இழுத்தார்கள். அங்குள்ள செப்பு, கோபால்ற்றுச் சுரங்கங்களுக்கென்றே அந்த மின்சாரம்.

அக்கம்பியிற் செல்வது நேரோட்டம். நெடுந்தூரம் செல்லும்போது மின்சாரம் அதிகம் வீணாகாதிருக்க இம்முறை உகந்தது. ஆனால், அதை வீட்டு விளக்குக்கு ஏற்றவாறு மாற்றுவதற்குப் பெருஞ்செலவில் தனி நிலையம் வேண்டும். அந்நிலையங்கள் இரு முனைகளிலுமே அமைக்கப்பட்டன. இடையிலுள்ள கிராமத்தவர் கம்பியை அண்ணாந்து பார்க்கலாம். அதிலிருந்து ஒரு விளக்கேனும் ஏற்ற முடியாது.

இதற்கு யாரைக் குற்றஞ் சொல்வது? கடன் கொடுத்தோர் வட்டியைக் கணக்கிட்டனர். பொறியியலாளர் குறைந்த இழப்பைக் கணக்கிட்டனர். அரசாங்கம் செப்பினால் வரும் வருமானத்தைக் கணக்கிட்டது. 1960இல் பிரிந்துபோக முயன்ற கட்டங்காவைத் தலைநகரோடு பிணைத்துவைக்கும் எண்ணமும் அதற்கு இருந்தது என்பர். மொபுட்டு ஆட்சியின் ஊழலை எவரும் மறுக்கார். ஆயினும், ஓர் உத்தமன் ஆண்டிருந்தாலும் அக்கம்பி அக்கிராமங்களுக்கு ஒளி தந்திராது. வரைபடத்திலேயே அவற்றுக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைப் பார்த்தனர். கிராமத்தவன் எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை. அநீதி எப்போதும் கொடியவன் உருவில்தான் வரவேண்டும் என்பதில்லை.

"முதலிற் சுரங்கம் வளரட்டும், வருமானம் வந்தபின் கிராமத்தைப் பார்க்கலாம்" என்று சிலர் வாதிப்பர். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏழை நாட்டுக்கு வருமானம் வேண்டியதே. ஆனால் நடந்தது என்ன? 1970களின் நடுப்பகுதியிற் செப்பின் விலை விழுந்தது. 1990களிற் சுரங்க உற்பத்தியும் சரிந்தது. கடன் மட்டும் நிலைத்து நின்றது. "பிறகு" என்று சொன்ன நாள் வரவேயில்லை. இன்றும் அந்நாட்டில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே மின்சார வசதி உண்டு.

இது பழங்கதையன்று. உலகில் அகழப்படும் கோபால்ற்றிற் பாதிக்கும் மேற்பட்டது கொங்கோவிலிருந்தே வருகின்றது. நம் கைத்தொலைபேசிகள் பலவற்றின் பற்றரியிலும் அது உண்டு. ஆகவே நாமும் இதில் வெறும் பார்வையாளரல்லர். இங்காவில் மூன்றாவது திட்டமும் பேசப்படுகின்றது. அதிலிருந்து 2,500 மெகாவாற்று வாங்குவதற்குத் தென்னாபிரிக்கா 2013இல் உடன்பட்டது. ஆயத்த வேலைகளுக்கென உலக வங்கி 2025இல் 25 கோடி டொலருக்கு அனுமதி வழங்கியது. அயலிலுள்ள மக்களின் தேவைகளும் இம்முறை அதிற் சேர்க்கப்பட்டிருப்பது ஆறுதல் தருகின்றது. அது ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

முதலாவது இங்கா மின்நிலைய வேலை தொடங்குவதற்கு முந்திய ஆண்டில், 1967இல், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். பொருள் பெருகுவது மட்டும் வளர்ச்சியாகாது, ஒவ்வொரு மனிதனும் முழு மனிதனாக வளரவேண்டும் என்பதே அதன் சாரம். அவ்வாறாயின், ஒரு முதலீட்டின் நன்மை தீமையை இலாபக் கணக்கின் இறுதி வரியில் மட்டும் தேடலாமா? யாருடைய நிலத்தின் மேலாகக் கம்பி செல்கின்றதோ, அவருடைய பெயர் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே இருக்கவேண்டும். கம்பி இழுத்து முடிந்த பின் அவருக்கு இரக்கம் காட்டலாம். நீதி வழங்குவது அரிது.