வீழ்தல் குற்றமா?

கல்வி என்பது பிழை செய்யாதிருத்தலா, அன்றிப் பிழையினின்று எழுதலா? இவ்வினாவிற்கு விடை காட்டியது ஒரு சிறுவனின் கணினி விளையாட்டு என்றால் பெரியோர் நகைக்கக்கூடும். எனினும் கூறத் துணிந்தோம்.

அண்மையில் சிங்கப்பூரில், காத்தோங் வட்டாரத்திலுள்ள நம் தமக்கை இல்லத்தில் இரண்டு நாள் தங்கினோம். செண்பக விநாயகர் கோயில் விளங்கும் சிலோன் சாலைக்கு அணித்தே அவ்வீடு. மாலையில் தமக்கை மகன், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ’ விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். பள்ளத்தில் வீழ்ந்தான், மீண்டும் தொடங்கினான், மீண்டும் வீழ்ந்தான். ஏழாம் முறை தாண்டினான். ஆறு முறை தோற்றவன் முகத்தில் நாணம் சிறிதுமில்லை. சற்று முன்னரோ, கணக்கில் ஒரு விடை தவறியதற்கு அவன் கண் கலங்கியிருந்தான். பிள்ளை ஒருவன், மனம் இரண்டானது ஏன்?

அவ்விளையாட்டின் முதற்கட்டத்தை உற்று நோக்கினோம். இரு படிக்கட்டுகளுக்கு இடையே முதலில் வெறுந்தரை இருக்கிறது. தாண்டத் தவறினாலும் கேடில்லை. அடுத்த இரு படிக்கட்டுகளுக்கு இடையேதான் பள்ளம் வருகிறது. பயிலும் இடத்தை முன்னும் சோதிக்கும் இடத்தைப் பின்னும் வைத்தார் அதனை வகுத்த மியாமோட்டோ. நல்லாசிரியர் செய்வதும் இதுவேயன்றோ?

நம் முன்னோர் ஆடிய பரமபதத்திலும் ஏற்றமும் வீழ்ச்சியும் உண்டு. ஆயின், அங்கே நம்மைப் பாம்பின் வாயில் தள்ளுவது தாயம். ஆயிரம் முறை ஆடினும் ஆடுவோன் தேர்ச்சி பெறான். இங்கோ பள்ளம் இடம் மாறுவதில்லை, மாறுபவன் ஆடுவோனே. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வகுத்தார். பரமபதம் முன்னதைக் காட்டும். இது பின்னதைப் பயிற்றும். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் பால் ஜீ, கணினி விளையாட்டுகளில் 36 கற்றல் நெறிகள் உளவென 2003-இல் ஒரு நூல் எழுதினார். தவறுவதால் வரும் கேட்டைக் குறைத்து, கற்போன் துணிந்து முயல இடந்தருதல் அவற்றுள் ஒன்று.

இனி நம் கதை. நாம் பயின்ற ஆங்கிலப் பள்ளியில் ஒரு பிழைக்கு ஒரு பிரம்படி. அதனால் பிழை குறையவில்லை. பிழையை மறைக்கும் வித்தையே வளர்ந்தது. தோட்டத்தில் கிராணியாய் அமர்ந்த முதலாண்டில், செக்குரோலில் ஒரு முதிய பெண்தொழிலாளியின் ஒருநாள் வேலையைக் குறிக்க மறந்தோம். இரண்டு நாளில் பிழை தெரிந்தது. சொல்ல அஞ்சி வாளாவிருந்தோம். சம்பள நாளன்று அவ்வம்மை விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்த்து, தம் கணக்கே தவறென்று எண்ணித் திரும்பிச் சென்றார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. மறுநாள் உண்மையைக் கூறி அவர் கூலியைச் சேர்ப்பித்தோம். ஆயினும் அவர் நடந்து சென்ற காட்சி இன்றும் நம்மைச் சுடுகிறது. பிழைக்கு அஞ்சப் பழக்கிய கல்வியின் கடனை ஓர் ஏழை செலுத்தினார்.

நிற்க. விளையாட்டு முழுதும் நன்றே என்று நாம் கூறவில்லை. புள்ளியும் பரிசும் காட்டிப் பிள்ளையை விடாது பிணிக்கும் சூழ்ச்சியும் அதில் உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளநூலார், படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளைச் சோதித்தனர். பரிசு உண்டென்று முன்னரே அறிந்து வரைந்தவர்கள், பின்னர்த் தாமாக வரைவதிற் குறைந்த ஆர்வமே காட்டினர். பரிசை எதிர்பாராதவரிடம் அக்குறை தோன்றவில்லை. ஆகலின் வகுப்பறைக்குள் நாம் கொணரத்தக்கது புள்ளி அன்று. மீண்டும் முயலும் உரிமையே.

அரசுகளும் இவ்வழி சில அடிகள் வைத்துள்ளன. சிங்கப்பூரில் 2019-இல் தொடக்கப்பள்ளி முதலிரு வகுப்புகளில் தேர்வு நீக்கப்பட்டது. 2021-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், மாணவனைப் பிறரோடு ஒப்பிட்டு எண்ணிடும் முறை மாறி, அவன் எட்டிய நிலையையே காட்டும் முறை வந்தது. மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆனால், தேர்வு நீங்கினும் வீட்டில் நம் கடுமொழி நீங்காவிடில் பயன் யாது?

தோட்டத்திலும் நகரிலும் வாழும் பெற்றோரே! இன்று மாலை உங்கள் பிள்ளை தவறான விடையொன்றைக் கொணர்ந்தால், “ஏன் வீழ்ந்தாய்?” என்னாது, “எங்கே வீழ்ந்தாய்? காட்டு” எனக் கேளுங்கள். தன் பிழையைக் காட்ட அஞ்சாத பிள்ளை, நாளை பிறர் கூலியை மறைக்க ஒருப்படான்.