மழை பெய்யுதுன்னு யார் சொல்வது?

மழை பெய்கிறபோது காரைக் கழுவலாமா? கேட்டால் சிரிப்பார்கள். எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா, கார் வைத்திருக்கிறவன் கவலை நமக்கெதுக்கு என்று தோழர்கள் முகம் சுளிக்கலாம். கழுவுகிறவன் பக்கம் நின்று பார்த்தால் இது கார் வைத்திருக்கிறவனின் கவலை அல்ல. ஒரு மனிதனிடமிருந்து உழைப்பை வாங்குகிறபோது அவனுடைய புத்தியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ள யாருக்காவது உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

முதலில் விஷயத்தை விஷயமாகப் பார்த்துவிடலாம். மழையில் கார் கழுவுவது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. சென்னை போர் தண்ணியில் கழுவிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழும். தண்ணி ஆவியாகிப் போன பிறகு தங்குகிற உப்பு அது. மழைத்தண்ணியில் அந்த உப்பு இல்லை. காய்ந்த தூசுமேல் துணியைப் போட்டுத் தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். மழை அந்தத் தூசை ஊறவைத்துக் கொடுக்கிறது. ஆனால் மழை பெய்தாலே கார் சுத்தமாகிவிடும் என்பதும் இல்லை. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வெறும் தண்ணிக்குப் போகாது, கை படணும். காற்றில் கிடக்கிற அழுக்கையும் மழைத்துளி சேர்த்துக்கொண்டு வந்து இறக்கும், காய்ந்தால் திட்டுத்திட்டாய்த் தெரியும். ஆக மழைக்கு நடுவில் சோப்பைப் போட்டுத் தேய்த்து, அலசுகிற வேலையை மழையிடம் விட்டுவிட்டு, விட்டதும் ஒரு துடை துடைத்தால் வேலை சுத்தம், குழாய்த்தண்ணி மிச்சம். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி கொண்டுவந்து குடித்த ஊர் இது. இங்கே மழையில் காரைக் கழுவுகிறவனைக் கெட்டிக்காரன் என்றுதான் சொல்லணும்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருடையதாக இருக்கலாம்?

என் அக்கா மகன் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினாலு கார் துடைக்கிறான். விடிகாலை அஞ்சு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்குள், ஆபீஸ் போகிறவர்கள் இறங்கி வருவதற்குள், முடிக்கணும். பிறகுதான் அவனுடைய இன்னொரு வேலைக்குப் போகணும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் விடாது. பாதிக் கார்களுக்கு மேலே கூரை கிடையாது. கொட்டுகிற மழையில் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் துணியுமாய் நின்று கழுவிக்கொண்டிருப்பான். கழுவி, துடைப்பான். துடைத்த இடம் அவன் கையை எடுக்கிறதுக்குள் நனைந்துவிடும். மறுபடி துடைப்பான்.

"ஏண்டா, அதான் மழை கழுவுதே, நீ வேற எதுக்கு?" என்று கேட்டேன்.

"கழுவலன்னா நாள் கணக்குப் பாத்துப் புடிச்சிக்குவாங்க மாமா. கழுவிட்டா வம்பில்ல."

ஒருத்தரிடம் கேட்டும் பார்த்திருக்கிறான். "மழை விட்டதும் வந்து சோப்புப் போட்டு நல்லா கழுவிக் குடுக்கறேன் சார், இப்பத் தொடச்சா நிக்காது." அதற்கு அவர் சொன்ன பதில்: "அதெல்லாம் நீ யோசிக்காத. உன் வேலையப் பாரு." அவர் கெட்ட மனுஷன் இல்லையாம். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறவர்தானாம்.

இந்த 'நீ யோசிக்காத' என்கிற வார்த்தையை அரிஸ்டாட்டில் 2,300 வருஷத்துக்கு முன்பே தத்துவமாக எழுதி வைத்துவிட்டான். அடிமைக்கு அறிவில் பங்கு உண்டா இல்லையா என்று 'அரசியல்' நூலில் ஆராய்ந்து, அறிவைப் புரிந்துகொள்கிற அளவுக்குப் பங்கு உண்டு, தனக்கென்று வைத்துக்கொள்கிற அளவுக்குக் கிடையாது என்று முடிக்கிறான். எவ்வளவு வசதியான முடிவு! கட்டளை காதில் விழுந்து புரியணும். மழை பெய்வது மட்டும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. பாபாசாகேப் 1936இல் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட உரையில், சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிறபோது இதைத் தொட்டிருக்கிறார். செய்கிறவனின் மனசும் மூளையும் வேலையில் இல்லாதபடி செய்துவிட்ட ஏற்பாட்டில் திறமை எங்கிருந்து வரும் என்பது அவர் வாதம். கார் நன்றாகக் கழுவப்பட வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், மழை விட்டதும் கழுவுகிறேன் என்றவன் பேச்சைக் கேட்டிருப்பார்கள். நோக்கம் வேறு. காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தால் கீழே ஒரு முதுகு குனிந்திருக்கணும்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரி, கடமைகளைச் சொல்கிற இடத்தில் 'வெட்டி' என்று திரும்பத் திரும்ப வரும். கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய உழைப்பு அது. இன்றைக்கு வெட்டி வேலை என்றால் பிரயோசனம் இல்லாத வேலை. வெட்டிப்பய என்றால் எதுக்கும் ஆகாதவன். வெட்டியான் என்றால் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரையை உயர்த்தினவன், மதகைத் திறந்தவன், பிணத்தை எரித்தவன் செய்த வேலைக்குப் பெயர் 'உபயோகமற்றது'. கூலி கொடுக்காத குற்றத்தை மறைக்க, வேலைக்கே மதிப்பில்லை என்று மொழியிலேயே எழுதிவிட்டார்கள். நம்ம ஆட்களும் இந்தச் சொல்லைக் கூசாமல் பேசுகிறோம் என்பதை இந்த இடத்தில் சொல்லியாகணும்.

எங்க தாத்தா பண்ணையாளாக இருந்தவர். வேலை இல்லாத நாளிலும் விடிஞ்சதும் ஆண்டை வீட்டுக் களத்தில் போய் நிக்கணும். செய்ய ஒன்றும் இல்லையென்றால், இந்தப் பக்கம் குவித்திருக்கிற எருவை அந்தப் பக்கம் அள்ளிப் போடச் சொல்வார்களாம். மறுநாள் அங்கிருந்து இங்கே. "சும்மா ஒக்காந்தா ஒடம்பு கெட்டுடும்டா" என்று ஆண்டை சிரிப்பாராம். தாத்தா இதைச் சொல்கிறபோது கோபப்பட மாட்டார். அடி வாங்கினதைக்கூடச் சத்தமாகச் சொல்வார், எரு அள்ளினதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அது ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. தஸ்தயேவ்ஸ்கியைப் படித்தபோதுதான் விளங்கியது. 1850களில் சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நாலு வருஷம் கிடந்த ஆள். சிறையில் செய்த வேலை கடினம்தான், ஆனால் செங்கல் சுட்டால் செங்கல் மிஞ்சுகிறது. ஒருவனை அடியோடு நொறுக்கணும் என்றால் ஒரு தொட்டித் தண்ணியை இன்னொரு தொட்டியில் ஊற்றி, மறுபடி அதிலிருந்து இதில் ஊற்றச் சொன்னால் போதும் என்று அந்தச் சிறை நூலில் யோசிக்கிறார். அதைக் கற்பனையாகத்தான் எழுதினார். நம்ம களத்துமேட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

அழுக்கு இல்லாததைக் கழுவுகிற பழக்கமும் இந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. 1927 மார்ச் 20இல் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணியை பாபாசாகேப் தலைமையில் நம் மக்கள் அள்ளிக் குடித்தார்கள். பிற்பாடு சாதி இந்துக்கள் 108 பானைகளில் தயிரும் பாலும் சாணியும் மாட்டு மூத்திரமும் கரைத்து ஊற்றிக் குளத்தைச் சுத்தம் பண்ணினார்கள். யோசித்துப் பாருங்கள், தண்ணியையே கழுவியிருக்கிறார்கள்! சாணி ஊற்றினால் தண்ணி அழுக்காகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கழுவினது தண்ணியை அல்ல, யார் யாருக்குக் கீழே என்கிற வரிசையைத்தான் திரும்ப எழுதினார்கள். மழையில் துடைக்கச் சொல்கிறவர் எந்தச் சாதியாகவும் இருக்கட்டும், அவர் கையில் இருப்பது அதே கணக்குப் புத்தகம்.

காசு வாங்குகிறான் இல்லையா, பிறகென்ன என்பார்கள். அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. துப்பாக்கியும் சவுக்கும்தான் கட்டாயம் என்றில்லை, வறுமையால் வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்புதான் என்றது. பெரிய தீர்ப்பு. ஆனால் அதுவும் கூலியோடு நின்றுவிடுகிறது. சரியான கூலியைக் கொடுத்துவிட்டு எருவை இங்கிருந்து அங்கே அள்ளச் சொன்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அதே குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தர் அரை டவுசரோடு இறங்கிவந்து, மகளையும் கூட்டிக்கொண்டு, மழையில் தன் காரைத் தானே கழுவினார். சோப்பு நுரையை அப்பாவும் மகளும் ஒருத்தர்மேல் ஒருத்தர் அடித்துக்கொண்டார்களாம். பால்கனியிலிருந்து எல்லாரும் பார்த்து ரசித்தார்கள். அதே மழைதான், அதே துணி. அவர் நினைத்தால் பாதியில் துணியை வீசிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம், கார் பாதி நுரையோடு நிற்கும், கேட்க ஆள் கிடையாது. என் மருமகன் தும்மினாலே மணி பார்க்கிறார்கள்.

உடனே ஒரு தீர்வு சொல்வார்கள்: அவரவர் காரை அவரவரே கழுவட்டும், உழைப்பின் கண்ணியம் வந்துவிடும். ஆசிரமத்தில் கக்கூஸ் கழுவின கதையையும் துணைக்கு இழுப்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நினைத்தால் நிறுத்தலாம் என்றிருக்கிறவன் குனிவது விரதம். விரதம் இருக்கிறவனைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறவனுக்கு என்ன கண்ணியம் வரும்? பதினாலு கார்க்காரரும் தாங்களே கழுவ ஆரம்பித்தால் இவன் வருமானம் போகும், அவ்வளவுதான்.

இவன் கேட்பது வேறு. போன வருஷ மழையில் பட்டபிறகு, அங்கே துடைக்கிற நாலு பேரும் சேர்ந்து பேசி, மழைநாளில் எப்போ கழுவுறதுன்னு நாங்களே பாத்துக்கறோம், அதுக்குச் சம்பளம் புடிக்கக்கூடாது என்று புரட்டாசியிலேயே அசோசியேஷன் செகரட்டரியிடம் போய்ச் சொன்னார்கள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லையென்று தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுப்பதை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். மழை தொழிலாளியின் குற்றமில்லை என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறதே.

செகரட்டரி பொறுமையாகக் கேட்டாராம். "யோசிச்சுச் சொல்றோம்" என்றாராம். ஐப்பசி பாதி போய்விட்டது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.