ஆற்றலும் அனுமதியும்

ஒரு செயலைச் செய்ய வல்லவனாக இருப்பது வேறு. அதனைச் செய்ய அனுமதி பெற்றவனாக இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவது மனித இயல்பு. வல்லமை உள்ள இடத்தில் அனுமதி எதற்கு என்னும் வினா அதனால்தான் எழுகிறது. இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் சபுராளிகள், அங்கே வாகனம் ஓட்டும் உரிமம் பெற முயலும் நாளில் நேருக்கு நேர் சந்திக்கும் வினா.

தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ பதினைந்தாண்டுக் காலம் லாரி ஓட்டியவர் ஒருவர் துபை செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் உரிமம் அவருடைய பையில் இருக்கிறது. ஆயினும் அங்கே அவர் மறுபடியும் மாணவராக அமர்ந்தாக வேண்டும். கண் பரிசோதனை, சாலை விதிகளைப் பற்றிய தேர்வு, வண்டியை நிறுத்திக் காட்டும் தேர்வு, இறுதியில் சாலைத் தேர்வு என்று வரிசையாக நிற்கின்றன. முன் அனுபவம் உள்ளவர்க்குப் பாட நேரம் குறையும், தேர்வு குறையாது. விதிகளைப் பற்றிய தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது ஓர் ஆறுதல். சாலைத் தேர்வில் தோற்றாலோ, மேலும் சில பாடங்களுக்குப் பணம் கட்டிய பின்னரே அடுத்த முறை வர இயலும். மூன்று முறை, நான்கு முறை தோற்றவர் உண்டு. ஊதியத்தில் மிச்சம் பிடித்ததும், உடன் தங்கியோரிடம் கைமாற்றாக வாங்கியதும் இதிலேயே கரைந்துவிடும்.

இத்தகையவர் உள்ளத்தில் இரண்டு குறைகள் எழுகின்றன. 'எனக்குத் தெரியாததையா இவர்கள் சொல்லித்தரப் போகிறார்கள்?' என்பது ஒன்று. 'பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளின் உரிமம் உடையவர் தேர்வின்றியே அதனை மாற்றிக்கொள்கிறாரே, என் உரிமத்துக்கு ஏன் அம்மதிப்பில்லை?' என்பது மற்றொன்று. இரண்டும் புறக்கணிக்கத் தக்கவை அல்ல.

முதற் குறையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன, அமீரகத்தில் வலப்பக்கம். வட்டச்சந்தியை அணுகும்போது அங்கே இடப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும். பதினைந்தாண்டுப் பழக்கம் உள்ளவரின் கழுத்தோ தானாகவே வலப்புறம் திரும்பும். அறியாதவன் அஞ்சி மெல்லச் செல்வான். அறிந்தவனோ விரைந்து சென்று தவறான பக்கத்தில் திரும்புவான். எந்தத் தேர்ச்சியைத் தம் உரிமையாகக் காட்டுகிறாரோ, அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே அங்கே அவர் கற்க வேண்டியது பாதி. மறக்க வேண்டியது பாதி.

வலமா இடமா என்பதில் தன்னளவில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலையில், அதுவரை இடப்பக்கம் சென்ற வாகனங்கள் அனைத்தும் வலப்பக்கம் மாறின. முதல் நாள் கடமையாயிருந்தது மறுநாள் குற்றமாயிற்று. இதனால் அவ்விதி வெறும் மனிதக் கற்பனை, அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்று வாதிடலாமா? இயலாது. எதிரே வருபவன் நான் இன்ன பக்கம்தான் வருவேன் என நம்பியே தன் மனைவி மக்களோடு வருகிறான். விதி மனிதர் வகுத்ததாயினும், அதன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை உயிரைப் பணயமாக வைத்தது. அந்நம்பிக்கை அமானிதம். 1993-இல் புருனையில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றே முடிவு செய்தது.

அரபு மொழி இவ்விஷயத்தில் நமக்கு ஒளி தருகிறது. வாகன உரிமத்தை அமீரகத்தாரும் சவூதியரும் 'ருக்ஸத்' என்கின்றனர். ஈராக்கியர் 'இஜாஸத்' என்கின்றனர். இரண்டும் மத்ரஸாவில் நாம் அன்றாடம் கேட்கும் சொற்களே.

ஒரு கிதாபை ஓதி முடித்த மாணவருக்கு, 'இதனை இனி நீர் பிறர்க்கு ஓதிக்கொடுக்கலாம்' என்று உஸ்தாத் அளிக்கும் ஒப்புதல் இஜாஸத். மாணவர் எவ்வளவு நினைவாற்றல் படைத்தவராயினும், அதனைத் தமக்குத் தாமே எழுதிக்கொள்ள முடியாது. ஏனெனில் அது மாணவரின் பெருமைக்காக ஏற்பட்டதன்று. நாளை அவரிடம் ஓத வருவோரின் நலனுக்காக ஏற்பட்டது.

ருக்ஸத் என்பதோ, மூல விதி நிலைத்திருக்க, தக்க காரணத்தை முன்னிட்டு அளிக்கப்படும் சலுகை. பயணி ரமளான் நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பது இத்தகையது. மக்கள் நடமாடும் தெருவில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பை விரைந்து செலுத்துவது எவருக்கும் பிறப்புரிமையன்று. பிறர் உயிருக்கு ஊறு செய்யாதே என்பதே மூல விதி. இன்ன நிபந்தனைகளின்படி நீ செலுத்தலாம் என்பது சலுகை. நிபந்தனை நீங்கினால் சலுகையும் நீங்கும். அமீரகத்தில் 24 கரும்புள்ளிகள் சேர்ந்தவரின் உரிமம் முடக்கப்படுவது இந்த அடிப்படையில்தான்.

அவ்வாறாயின், அனுமதி அளிப்பவர் உண்மையில் யார்? அதிகாரி கையெழுத்திடுகிறார், ஆனால் அவர் ஒரு வக்கீலைப் போன்றவரே. சாலையைக் கடக்கும் சிறுவனும், வேலை முடிந்து மிதிவண்டியில் திரும்பும் கூலியாளுமே உண்மையில் அனுமதி அளிக்கின்றனர். 2021-இல் உலகெங்கும் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றோரும், மிதிவண்டி, மோட்டார் சைக்கிள்களில் சென்றோருமே. நம்மை அறியாத இவர்கள், நம்மைத் தேர்ந்து பார்க்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைத்திருக்கின்றனர்.

இனி, வறுமையின் வாதம் ஒன்று உண்டு. உரிமம் கிடைத்தால் ஊதியம் உயரும். தங்கையின் திருமணம் நடக்கும். ஊர்க் கடன் தீரும். அதற்காகத் தரகர் ஒருவரிடம் பணம் கொடுத்து, சக்கரத்தைத் தொடாமலே ஊரில் ஓர் உரிமம் வாங்கி, அதனைக் காட்டி அங்கே பாட நேரத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன? உரிமம் வருமுன்னரே, 'கடை வரைதானே, வண்டியை எடு' என்று அர்பாப் சொல்லும்போது மறுத்தால் வேலை போகுமே! நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹு அறிந்தோர் அனைவரும் அறிந்த விதியல்லவா?

விதி உண்மைதான். ஆனால் அதற்கொரு வரம்பும் உண்டு. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்ட நூல், நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்பதைத் தனி விதியாகவே வைத்திருக்கிறது. பசியால் உயிர் போகும் நிலையில் அடுத்தவனுடைய ரொட்டியை உண்டவன் பாவியல்லன். எனினும் ரொட்டியின் விலையைக் கொடுத்தே தீர வேண்டும். ரொட்டிக்கு விலை உண்டு. கல்லாத கைகளால் சாலையில் ஒரு சிறுவன் மாண்டால், அவன் தாய்க்கு எந்த விலையைக் கொடுப்பது? தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் தியத் விதிக்கப்பட்டிருக்கிறது. அது இழப்புக்கு ஈடே தவிர, முன்கூட்டியே செலுத்திப் பெறும் அனுமதிக் கட்டணமன்று. ஏழையின் தேவை மெய்யானதே. அதனைத் தீர்க்கும் கடமை உறவினர்க்கும் சமுதாயத்துக்கும் அர்பாபுக்கும் உண்டு. சாலையைக் கடக்கும் அந்நியச் சிறுவனிடமிருந்து அதனை வசூலிக்க முடியாது.

இரண்டாவது குறைக்கு வருவோம். மனிதரைப் பார்க்காமல் நாட்டின் பெயரைப் பார்த்துத் தேர்விலிருந்து விலக்களிப்பது மனத்தை உறுத்துவதுதான். ஒரு நாட்டின் தேர்வு முறை நம்பத் தக்கதா என அரசு பார்ப்பதில் நியாயம் உண்டு; நம் ஊர்த் தரகர்கள் அந்நம்பிக்கையைக் குலைத்ததும் உண்டு. ஆயினும் நேர்மையாகக் கற்ற ஒருவர், நேர்மையற்ற பலருக்காகத் தண்டம் கட்டுகிறார் என்பதை மறுப்பதற்கில்லை.

அனுமதி கேட்பவனுக்கு மட்டுமன்று, அனுமதிப்பவனுக்கும் கடமை உண்டு. சவூதி அரேபியாவில் 2018 ஜூன் 24 வரை பெண்கள் வாகனம் ஓட்ட இயலாதிருந்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு, அங்கே முதன்முதல் உரிமம் பெற்ற பெண்கள், வெளிநாடுகளில் தாம் ஏற்கெனவே பெற்றிருந்த உரிமங்களைக் கொடுத்தே அதனைப் பெற்றனர். ஆற்றல் அவர்களிடம் முன்பே இருந்தது, அனுமதிதான் இல்லை. ஆபத்தைத் தடுக்கும் காரணமின்றி அனுமதியை மறுப்பது, தகுதியின்றி அதனை அளிப்பதைப் போன்றே அமானிதத்தில் செய்யும் குறைபாடாகும். ஆனால் வாயிற்காவலன் அநீதி செய்தான் என்பதற்காக, வீட்டினுள் உறங்குவோர்மீது நாம் வண்டியை ஏற்ற முடியாது. அநீதியை அநீதி என்று சொல்வோம், மாற்றக் கோருவோம், அதுவரை தேர்வுக்கு அமர்வோம்.

ஆற்றல் இறைவன் நமக்களித்தது. அதற்காக அவனுக்கு நன்றி செலுத்துகிறோம். அனுமதி, நம்மை அறியாத மனிதர்கள் நம்மீது வைத்தது. பரீட்சை அதிகாரி வண்டியிலிருந்து இறங்கிச் சென்ற பின்னரும், அம்மனிதர்கள் ஒவ்வொரு சந்தியிலும் நம்மைச் சோதித்துக்கொண்டே இருக்கின்றனர். அச்சோதனையில் நாள்தோறும் தேறுபவரே உரிமத்துக்கு உரியவர்.